சாவிக்கு ஒரு ஜிப் பாக்கெட்

மலையேறவும் தண்ணீரில் இறங்கவும் ஒரே ஷார்ட்ஸ் போதும் என்றால், துணியைப் பார்த்து வாங்க வேண்டும். ஆண்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இடுப்பு அளவைச் சொல்லுவார்கள், கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டதைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பருத்தி நடப்பதற்குச் சுகம்தான், ஆனால் தண்ணீர் பட்டால் குடித்துக்கொண்டே இருக்கும். கனத்துத் தொங்கும், தொடையில் உரசும், கரையேறி அரை நாள் ஆனாலும் காயாது. நைலான் மாதிரி மெல்லிய துணியாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கையில் எடுத்தால் கைக்குட்டை எடுத்த மாதிரி இருக்க வேண்டும்.

மேசைமேல் கவரில் போட்டு வைத்திருக்கிறீர்களே மேடம், அது அப்படிப் பார்த்து வாங்கியது. வாங்கியது நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். போன வருஷம் ஆவணியில் என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் கல்வராயன் மலையில் தண்ணீரில் மூழ்கி இறந்தபோது அதைத்தான் போட்டிருந்தார். முந்தாநாள் என் மகன் அசோக்குமார் அதைக் கொண்டுவந்து உங்கள் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். மரியாதையாகவும் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அவர் சின்ன வயதிலேயே நெய்வேலிக்கு வந்து மைன்ஸில் சேர்ந்து பெர்மனென்ட் ஆகிவிட்டார். கன்வேயர் பெல்ட் ஓட்டுகிற செக்‌ஷன். கல்யாணமாகி நான் வந்து இறங்கியபோது குவார்ட்டர்ஸைச் சுற்றி வெறும் செம்மண். இன்றைக்கு வந்து பாருங்கள். முன்னால் இரண்டு மாமரம், பின்னால் ஒரு பலா, வாசலில் மல்லிகைப் பந்தல், எல்லாம் நான் வைத்தது. பலா பண்ருட்டிக் கன்று. எங்கள் பிளாக்கில் அந்த ருசி வேறு எந்த மரத்திலும் கிடையாது.

இந்த வருஷம் ஆனியில் அவர் ரிட்டயர் ஆகியிருக்க வேண்டும். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். அவர் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆற்றங்கரையில் பூர்வீக வீடு. அவர் பங்குக்குப் பின்கட்டில் ஓர் அறை வரும். சமையல் என் நாத்தனாரோடு பொது அடுப்படியில். சாயங்காலமானால் அந்த வீட்டையும் ஆற்றையும் பற்றியே பேசுவார். சின்ன வயதில் தாமிரபரணியில் நாள் முழுக்கக் கிடந்தவராம். நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை, நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

என் கவலையெல்லாம் அசோக்கைப் பற்றித்தான். டிப்ளமோ படித்துவிட்டுக் கான்ட்ராக்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நல்ல இடத்தில் ஒரு பெண் அமைந்து வந்தது. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள், காபி கொடுத்தேன். "பையன் பெர்மனென்டுங்களா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். கான்ட்ராக்ட் என்று சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை, சிரித்துப் பேசிவிட்டுத்தான் எழுந்து போனார்கள். அசோக் அன்று இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்து பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. கடைசியாக எனக்கு ஏதாவது ஒன்று உறைத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கையில் துணி சுற்றிக்கொண்டு தொடுகிற மாதிரியே இருக்கிறது.

எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு பேச்சு உண்டு. சர்வீஸில் இருக்கும்போது ஒருவர் போய்விட்டால் அவர் வீட்டில் ஒருவருக்கு வேலைக்கு வழி இருக்கும் என்பார்கள். ஏதாவது வீட்டில் சாவு என்றால், அழுகைச் சத்தம் அடங்குவதற்குள் பந்தலில் யாராவது, "இன்னும் எவ்வளவு சர்வீஸ் இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. துக்கம் விசாரிப்பதில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். நானும் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். ரிட்டயர் ஆகி மறுநாள் போனவர் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளிருக்காது.

இனி மலைக்குப் போன கதை. அவரோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த மதிவாணன் கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலம் மைன்ஸுக்குப் போனதில் வேலைக்கு வந்தவர். ஆவணி மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். ஓட்டலில் பார்ட்டி வேண்டாம், செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் ஒரு வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போவோம், நடந்து ஏறி அருவியில் குளித்துவிட்டு வருவோம் என்று அவர்தான் ஆரம்பித்தார். அசோக் முன்பே போய் வந்த இடம் என்பதால் வழிகாட்ட அவனையும் கூப்பிட்டார்கள். ஆடி ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிவாணன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, இந்த வாட்டி அண்ணன வுட மாட்டோம். எங்க போனாலும் கரையிலயே குந்திகினு எங்க சட்டையெல்லாம் காவல் காத்துகினு இருக்காரு. இந்த வாட்டி தண்ணியில எறக்கியே தீருவோம்" என்றார்.

இவர் சிரித்தார். "நான் கரையிலயே இருக்கேன் மதிவாணா. எனக்கு அதுதான் தோதுப்படும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"போயிட்டு வாங்க. ஆசப்பட்டதுதான? நான் நல்லதா ஒரு டவுசர் வாங்கித் தாரேன்" என்றேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அசோக்கிடம் எந்த மாதிரி வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். லீவு கிடைத்தால் மலைக்குப் போய்விடுகிற பிள்ளை அவன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆசையாகச் சொன்னான். "தண்ணி குடிக்காத துணியாப் பாருங்கம்மா. முட்டிக்கு மேல நிக்கணும், பாறையில கால் தூக்கி வெக்கும்போது இழுக்கக் கூடாது. உள்ள மெல்லிசா வலை வெச்சுத் தச்சிருக்கும், அது இருந்தா உரசாது. இடுப்புல எலாஸ்டிக் மட்டும் பத்தாது, உள்ள ஒரு கயிறும் இருக்கணும். கலர் மட்டும் பளிச்சுனு எடுங்க." அப்பாவுக்காக நான் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று அவனுக்குச் சந்தோஷம். அந்த வருஷப் பொங்கல் லீவில் அதே மலைக்குப் போனபோது எடுத்த போட்டோக்களைச் செல்போனில் காட்டினான். அருவிக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் ஆழமான மடு. அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.

மெயின் பஜாரில் ராயப்பன் என்பவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். பந்து, மட்டை, பனியன், ஷூ எல்லாம் கிடைக்கும். நான் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொன்னேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த நேரம், அவரும் சலிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், கொண்டுபோன பாட்டில் தண்ணீரைத் துளி தெளித்து நிற்கிறதா ஊறுகிறதா என்று பார்த்தேன். "பீச்சுக்குப் போற புள்ளைங்க கூட இப்படிப் பாக்க மாட்டாங்கம்மா" என்றார் ராயப்பன்.

கடைசியில் ஒரு ரகம் பிடித்தது. எடையே இல்லை. உள்ளே வலை, இடுப்பில் கயிறு, தொடைப்பக்கம் பிளவு, தையல் உறுத்தவில்லை. பின்பக்கம் இடுப்புப் பட்டைக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஜிப். இது எதற்கு என்று கேட்டேன். "காலையில ஓடப் போறவங்க வூட்டச் சாத்திகினு வருவாங்க இல்ல, சாவி போட்டுக்கறதுக்கும்மா. தண்ணியில எறங்கினாலும் வுழாது" என்றார். நான் அந்த ஜிப்பைப் பலதடவை திறந்து மூடிப் பார்த்தேன். இதுதான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவர் அளவில் இரண்டு நிறம்தான் இருந்தது. ஒன்று ஆரஞ்சு, ஒன்று பச்சை. ராயப்பன் ஆரஞ்சைத்தான் முன்னால் தள்ளினார். "தண்ணிக்குன்னா இத எடுங்கம்மா. கும்பல்ல எங்க இருந்தாலும் ஆள் தெரியும்" என்றார். வயதான மனுஷருக்கு இது ஜாஸ்தி, செக்‌ஷனில் கேலி செய்வார்கள் என்று சொல்லிப் பச்சையை எடுத்தேன். கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஜாக்கெட் துணி எடுத்தாலும் நான் அப்படித்தான். குழல் விளக்கு வெளிச்சத்தை நம்பி நிறம் எடுக்கக் கூடாது.

அந்தச் சாவி விஷயத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. என் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு. அசோக் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆரம்பித்தது. பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், அல்லது தூக்கம் கெட்டால் வரும். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காட்டினால் பதிவாகிவிடும், மெஷின் வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள், அப்புறம் பேர் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். பாண்டிச்சேரியில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். இது எங்களுக்குள் புதிதில்லை. காது மந்தமானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், எத்தனையோ பேர் இப்படி வெளியூரில் காட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் சர்வீஸை ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அசோக்கிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவன் முன் அறையில் படுப்பவன், அவனுக்குத் தெரிய வழியில்லை.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டியின் இரும்புச் சாவி ஒன்று அவர் தலையணைக்கடியில் எப்போதும் இருக்கும். வெட்டி இழுக்க ஆரம்பித்ததும் நான் அதை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்துவேன். கொஞ்ச நேரத்தில் அடங்கும். கண் விழிக்கும்போது கையில் சாவி இருக்கும், அதனால் சாவிதான் நிறுத்தியது என்று முழுசாக நம்பினார். பாண்டிச்சேரி டாக்டர் என்னைத் தனியாக வைத்துக்கொண்டு, இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது தானாக அடங்குவது, மாத்திரை ஒரு நாள் தவறக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் இறங்கவே விடாதீர்கள் என்றார். தண்ணீரில் வந்தால் கூப்பிடக்கூட முடியாதாம், சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார்களாம். தண்ணீர் ஆகாது என்பதை மட்டும் அவரிடம் சொன்னேன். இரும்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு தைரியத்துக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்போது இரக்கப்பட்டுத்தான் விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் தண்ணீரில் இறங்கியதில்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல் வாளியில் மொண்டு குளிப்பார், நான் வாசலில் நிற்பேன். ஆற்றில் வளர்ந்த மனுஷர். மகாபலிபுரம் போனபோது செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அலை தொடாத இடத்தில் நின்று கடலைப் பார்த்தபடியே இருந்தார். பாவமாகத்தான் இருக்கும்.

ஷார்ட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தச் சின்ன ஜிப்பைத் திறந்து காட்டினேன். தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்து அதில் போட்டேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஜிப்பை இழுத்துவிட்டேன். "இனிமே தண்ணியில எறங்கினாலும் இரும்பு ஒங்க ஒடம்புலேயே இருக்கும்" என்றேன்.

அவர் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். ஹாலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார், குந்தி எழுந்தார், கண்ணாடி முன்னால் திரும்பிப் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏட்டி, சின்னப் பய மாதிரி இருக்கேம்லா. போட்டுருக்கதே தெரியல" என்றார். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் வாங்கிக் கொடுத்த துணிகளில் அவ்வளவு பொருத்தமாக எதுவும் அமைந்ததில்லை.

மாத்திரையைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பட்டையிலிருந்து பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைப்பது நான்தான். அவர் டி.வி.யைப் பார்த்தபடியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார், கையைப் பார்க்க மாட்டார். ஆடிப்பூரம் முடிந்த பிறகு நான் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு மூட்டு வலிக்காகக் கொடுத்தது, அதுவும் வெள்ளைதான், கொஞ்சம் பெரிது. "என்ன, தொண்டையில நிக்கி" என்று ஒரு தரம் சொன்னார். கம்பெனி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

நிறுத்தினால் உண்மையிலேயே வருமா என்று எனக்கும் தெரியாது அல்லவா? கொஞ்ச நாளில் தூக்கத்தில் ஒரு தடவை வந்தது. பழக்கம்போல் சாவியைக் கையில் வைத்து அழுத்தினேன், வாயைத் துடைத்தேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். காலையில் கை வலிக்கிறது என்றார், ராத்திரி ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை, நன்றாகத் தூங்கினீர்கள் என்றேன். அதற்குப் பிறகும் மாத்திரையை மாற்றவில்லை.

போகிற அன்று வேன் விடிவதற்கு வெகு முன்பே கிளம்பியது, அவர் சரியாகத் தூங்கவும் இல்லை. ஆசையில் எழுந்து எழுந்து மணி பார்த்தார். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், தலைக்கு ஒரு துண்டு கொடுத்தேன். "சாவி இருக்கா?" என்று கேட்டேன். பின்பக்கம் தட்டிக் காட்டிவிட்டு வேனில் ஏறினார். அசோக் ஜன்னலிலிருந்து கை காட்டினான். நான் உள்ளே வந்து மாமரத்துக்குத் தண்ணீர் விட்டேன்.

அங்கே நடந்தது மதிவாணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மலையேறும்போது இவர்தான் முன்னால் போனாராம். வேஷ்டியை மடித்துக் கட்டி வந்தவர்களெல்லாம் பாறையில் தடுமாற, இவர் மட்டும் இளவட்டம் மாதிரி கால் வைத்து ஏறினாராம். மடுவில் முதலில் முழங்கால்வரை, அப்புறம் இடுப்புவரை, அப்புறம் நீந்தவே ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்களாம். அசோக், "அப்பா, இவ்ளோ நாளா எங்கப்பா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டானாம். பிறகு புளிச்சோற்றைப் பிரிப்பதற்காக ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்று இவர் உள்ளேயே இருந்தார். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டபோது ஆள் இல்லை.

அசோக்தான் முதலில் குதித்தவன். மூழ்கி மூழ்கி எழுந்து தேடியிருக்கிறான். எட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் கிடந்தாராம், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கடைசியில் மதிவாணனின் காலில் தட்டுப்பட்டது. காரியத்தன்று அவர் என் எதிரில் தரையில் உட்கார்ந்து அழுதார். "அந்த டவுசர் தண்ணி கலருலயே இருந்துச்சி அண்ணி. கண்ணெதிர்லயே இருந்திருக்காரு. தேடிகினே இருந்தோம், தெரியலயே அண்ணி" என்றார்.

தண்ணீரின் நிறத்தில்தான் இருந்தது. மதிவாணன் தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தார், நானும் திருத்தவில்லை. ராயப்பன் கடை வாசலில் வெளிச்சத்தில் நின்று நான் பார்த்தது அதைத்தான். அசோக் அனுப்பிய போட்டோவைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, துணியைப் பக்கத்தில் பிடித்து, புடவைக்கு ஜாக்கெட் பிட் சேர்க்கிற மாதிரி சேர்த்துப் பார்த்தேன். பாசிப்பச்சை, அடியில் கொஞ்சம் பழுப்பு. இழை மாறாமல் பொருந்தியது. பனியனுக்கு மேட்ச் பார்க்கிறேன் என்று ராயப்பன் நினைத்திருப்பார். கேட்டால் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கால் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு வலிப்பு என்று யாருக்கும் தெரியாதபோது வேறென்ன சொல்வார்கள்? பந்தலில் ஒருவர் மெதுவாக, "இன்னும் சர்வீஸ் இருந்துச்சு இல்ல?" என்று கேட்டார். இருந்தது என்றேன்.

ஆனால் அசோக் வேலை வேண்டாம் என்றுவிட்டான். செக்‌ஷன் ஆட்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள், மதிவாணன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "வழி காட்டிக் கூட்டிட்டுப் போனது நான். சாப்பாடு பிரிக்கலாம்னு மொதல்ல கரையேறினதும் நான். அந்த வேலையில ஒரு நாள் கூட என்னால உக்கார முடியாது" என்றான். காரணம் புரியாமல் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தான். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நாளில் கோயம்புத்தூர் பக்கம் ஏதோ வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். மலைக்குப் போவதையும் விட்டுவிட்டான்.

வந்த வாய்ப்பை விடுவானேன் என்று எல்லாரும் சொன்னதால் நான் கையெழுத்துப் போட்டேன். மனைவிக்கும் உரிமை உண்டு என்றார்கள். சித்திரையில் வேலை வந்தது. ஆபீஸில் தபால் பிரித்து மேசை மேசையாகக் கொடுக்கிற வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருகிறேன். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொள்கிறேன். பெர்மனென்ட்தான்.

முந்தாநாள் வருஷத் திதிக்கு அசோக் வந்திருந்தான். பீரோவில் அவருடைய துணிகளை எடுத்து யாருக்காவது கொடுக்கலாம் என்று பிரித்தான். ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பொட்டலம் பிரிக்காமலேயே அடியில் கிடந்தது. எடுத்து உதறியபோது ஏதோ கனம் தட்டுப்பட்டிருக்கிறது. அவ்வளவு மெல்லிய துணியில் சாவி இருந்தால் தெரியத்தானே செய்யும். ஜிப்பைத் திறந்து எடுத்தான். துருப்பிடித்திருந்தது. திதிக்கு வந்திருந்த மதிவாணனிடம் காட்டினான்.

"ஆமாம்பா, எறங்கும்போது தட்டிக் காமிச்சாரு. இரும்பு இருக்கு மதிவாணா, பயமில்லன்னாரு. ஒங்கம்மா பேரச் சொல்லி, பார்வதி பாத்துப் பாத்து வாங்கினதுன்னாரு. காத்து கருப்புக்குன்னு நெனச்சேன். மடுவுல எறங்கறவங்க எங்க ஊர்லயும் இரும்பு வெச்சிகினுதான் எறங்குவாங்க" என்றார்.

எல்லாரும் போன பிறகு அசோக் அடுப்படிக்கு வந்தான். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். "இது அப்பா தலமாட்டுச் சாவி. இது எதுக்கும்மா?" என்று கேட்டான். என் பிள்ளையிடம் நான் பொய் சொல்வதில்லை. அவன் இதுவரை கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு வலிப்பு உண்டு, அதற்காக என்றேன்.

"எனக்கு ஏம்மா சொல்லல? தெரிஞ்சிருந்தா நான் அவரத் தண்ணியில எறங்க விட்டிருப்பேனா?" என்றான்.

"அதனாலதான்டா சொல்லல" என்றேன்.

அவன் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தான். "பளிச்சுனு கலரு எடுக்கச் சொன்னேனேம்மா" என்றான். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்றேன். ஷார்ட்ஸை மடித்து, சாவியைப் பழையபடி ஜிப்புக்குள் போட்டு மூடி, எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாப்பிடாமல் போய்விட்டானே என்றுதான் நினைத்தேன். நேராக உங்களிடம் வந்திருக்கிறான்.

ஆகவே மாத்திரையை நிறுத்தியது நான், சாவியைக் காட்டித் தண்ணீரில் இறக்கியது நான், தேடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத நிறத்தை எடுத்துப் போட்டுவிட்டது நான். அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதச் சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணம் என்ன என்ற இடத்தில், மகனின் எதிர்காலத்துக்காக என்று தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கென்று நான் எதையும் விரும்பியவள் இல்லை. அவன் வேலை வேண்டாம் என்றது என் குற்றம் அல்ல.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்போது என் பெயரில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்தது. அசோக் என்றைக்காவது மனசு மாறித் திரும்பி வந்தால் அவனுக்கு ஓர் இடம் வேண்டாமா, அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். வாசல் சுவரில் இருந்த அவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுத, வைகாசியில் பெயின்டரை வரச் சொன்னேன். பழையபடி பச்சையிலேயே எழுதிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தெருக்கோடியில் திரும்பும்போதே கண்ணில் பட வேண்டும், ஆரஞ்சில் எழுதுங்கள் என்றேன்.